யாரைப் போய்க் கேட்பது

லினக்ஸ் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். மெய்தான். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. மறு வருஷமே ஜிபிஎல் உரிமத்துக்கு வந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசு கேட்க மாட்டார்கள், சாதி கேட்க மாட்டார்கள். ஊர்க் கிணறும் சர்க்கார் கணக்கில் பொதுக் கிணறுதான். பொது என்று எழுதிப் போட்ட பிறகும், தண்ணி எடுக்கப் போனால் யார் முறைக்கிறார்கள், யார் கயிறு கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் எழுத வந்தது அந்தக் கயிற்றைப் பற்றி.

எனக்குச் சிறுவாச்சூர். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற மெயின்ரோட்டில், திங்கள் வெள்ளி மட்டும் நடை திறக்கிற மதுரகாளியம்மன் கோயில் ஊர். வீடு காலனியில். அம்மாவுக்குக் கொல்லை வேலை. மக்காச்சோளம் ஒடிக்க, பருத்தி எடுக்க, சின்ன வெங்காயம் பிடுங்கித் தாள் அரிய. எனக்கு வேலை டிரைவர் எழுதுவது. 'எம்மவ மெட்ராஸ்ல டிரைவரு' என்று அம்மா சொல்லிவைக்க, 'பொட்டப்புள்ள லாரியா ஓட்டுது?' என்று காலனியே கேட்டது. கம்ப்யூட்டருக்குள் நடுவாக இருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பேர். ஒவ்வொரு கம்பெனி டிஸ்கும் ஒவ்வொரு பாஷை பேசும். கெர்னலுக்கும் டிஸ்குக்கும் நடுவில் நின்று, இதை எழுது, அதை எடுத்துக் கொடு என்று பேசிவிடுகிற நிரல்தான் டிரைவர். மக்காச்சோள மணிக்கும் இங்கிலீஷில் கெர்னல்தான் பேர் என்று சொன்னேன். 'அப்ப நானும் அதத்தானடி ஒடிச்சுக்கிட்டு இருக்கேன்'னு அம்மா சொல்லுச்சு.

லினக்ஸ் எனக்கு வந்த வழி சர்க்கார் வழி. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒன்று கிடைத்தது. அதில் விண்டோசும் இருந்தது, சி-டாக் தயாரித்த பாஸ் லினக்சும் இருந்தது. வாங்கின கையோடு பாஸை அழித்துவிட்டு இடத்தை மிச்சம் பண்ணுவதுதான் அன்றைக்கு வழக்கம். பெரம்பலூர் கடைக்காரர் அதற்கு நூறு ரூபாய் கேட்டார். நூறு ரூபாய் இல்லாததால் என் மிஷினில் பாஸ் தப்பித்தது.

இதற்கும் முந்தின கதை ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்குள் லினக்சைக் கொண்டுவர 2006-க்குப் பிறகு பாடுபட்டவர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ். தலித் அதிகாரி. அதே அதிகாரியை 2010 ஜூலையில் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி இடைநீக்கம் செய்தார்கள், பிறகு விலக்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான மேசைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுபோனவரிடம் கடைசியில் கேட்கப்பட்ட கேள்வி 'நீ என்ன சாதி, நிரூபி' என்பதுதான். நம் இயக்கத் தோழர்களுக்கு அவரைத் தெரியும், ஆனால் லினக்ஸ் விஷயத்தில் தெரியாது. லினக்ஸ்காரர்களுக்கும் அவரைத் தெரியும், ஆனால் சாதி விஷயத்தில் தெரியாது.

முதல் பட்டதாரி சலுகையும் 2012-ல் வந்த அரசாணை 92-ம் என் இன்ஜினியரிங்கைத் தள்ளிவிட்டன. அதைப் பற்றி நம்ம பிள்ளைகள் நிறைய எழுதிவிட்டார்கள். நேராக வேலைக்கு வருகிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. சேமிப்புக் கார்டு தயாரிக்கிறவர்கள். எழுதினவர் அமெரிக்கா போய்விட்ட ஒரு பழைய டிரைவரை என் தலையில் கட்டினார்கள். 2019 மார்ச்சில் கெர்னல் 5.0 வந்தது. டிஸ்குக்கு வேலை கொடுக்கிற பழைய பாதையை அதில் வேரோடு பிடுங்கிவிட்டார்கள். பழைய பாதையில் ஒரு டிஸ்குக்கு ஒரு வரிசை, அந்த வரிசைக்கு ஒரு பூட்டு. தேய்ந்து சுற்றுகிற டிஸ்குக்கு அது போதும். ஒரு விநாடிக்கு லட்சக்கணக்கில் வேலை முடிக்கிற ஃப்ளாஷ் வந்த பிறகு, எல்லா சிபியூவும் அந்த ஒரே பூட்டுக்கு முன்னால் காத்துக் கிடந்தன. ரேஷன் கடையில் சீமெண்ணெய் ஊத்துற நாள் மாதிரி. அதனால் சிபியூவுக்கு ஒரு வரிசை என்று பல வரிசை போட்டார்கள். 2014 ஜனவரியில் வந்த 3.13-ல் அது நுழைந்தது, ஐந்து வருஷம் இரண்டும் ஓடியது, பிறகு பழையது போனது. எங்கள் டிரைவர் பழைய பாதையில் எழுதியது. புதுப் பாதைக்கு மாற்ற வேண்டும்.

என்னிடம் இருந்த புத்தகம், டிரைவர் எழுதுகிறவர்கள் எல்லாரும் கும்பிடுகிற புத்தகம், மூன்றாம் பதிப்பு, 2005. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அது சொல்லித்தருவது பிடுங்கிப் போட்ட அந்தப் பழைய பாதையைத்தான். கெர்னல் தினமும் மாறுகிறது, புத்தகம் மாறவில்லை. அப்புறம் யாரைக் கேட்பது?

'சோர்ஸ்தான் கண்ணு முன்னாலயே இருக்கேம்மா, படிச்சுக்கோயேன்.' இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கோடிக்கணக்கான வரிகள். படித்தேன். படித்தால் 'என்ன' புரியும், 'எப்படி' புரியும். 'ஏன்' புரியாது. இந்த இடத்தில் மட்டும் பூட்டை ஏன் விடுகிறான்? இங்கே மட்டும் மெமரியை ஏன் வேறு விதமாகக் கேட்கிறான்? இந்த ஏன்களுக்குப் பதில் வாய்வழியாக ஓடுகிறது. எங்கள் டீமில் அதைத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி டிபன் பாக்ஸ், ஒரே மேசை, ஒரே மார்கழிக் கச்சேரி. அந்த மேசையில் உட்கார்ந்து எழுகிற பையனுக்கு ஆறு மாதத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவனை யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. 'அந்த ஃபங்ஷன தொடாதடா, அதுல ஒரு கதை இருக்கு'ன்னு தயிர்சாதத்தோடு சேர்ந்து கிடைக்கிறது. என் டப்பாவில் கருவாடு இருக்கும். நான் வேறு மேசை. யாரும் என்னை எழுந்து போ என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வராதபடிதான் மேசைகள் அமைகின்றன.

பிறகு வருஷாந்திர மதிப்பீட்டில் அவனுக்கு 'ஆழமான புரிதல்' என்று எழுதுவார்கள். எனக்கு 'கடும் உழைப்பாளி'. என் அம்மாவையும் அப்படித்தான் சொல்வார்கள்.

இது கடல் கடந்தும் போகிறது. 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ கம்பெனி மீது வழக்குப் போட்டது. தலித் இன்ஜினியர் ஒருவரை மேல்சாதி அதிகாரிகள் ஒதுக்கினார்கள், அவர் இட ஒதுக்கீட்டில் ஐஐடிக்கு வந்தவர் என்பதை உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் அந்த இரண்டு அதிகாரிகள் மீதான பகுதியை அந்தத் துறையே விலக்கிக்கொண்டது. கம்பெனி மீதான வழக்கு அதன்பிறகும் நின்றது. தீர்ப்பு எப்படியோ போகட்டும். அந்தப் புகாரைப் படித்தபோது என்னைத் தொட்டது ஒதுக்குகிற விதம்தான். கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடுவது, தகவல் போய்ச் சேராமல் விடுவது. கைநீட்டி அடித்தால் சாட்சி இருக்கும். சொல்லாமல் விட்டதற்கு என்ன சாட்சி?

கேட்பதும் சொல்வதும் எல்லா இடத்திலும் இப்படி ஒரே திசையில் ஓடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தை விலை ஏறும்வரை பட்டறை போட்டு வைப்பார்கள். தரையில் படாமல் மேடை தூக்கி, காற்றுப் போகிற மாதிரி அகலம் குறைத்து, மேலே கூரை வேய்ந்து. ஈர வெங்காயம் நாலு உள்ளே போனாலும் அத்தனையும் அழுகும். கொல்லைக்காரர் பட்டறை போடுவதற்கு முன்னால் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவார். அம்மா ஒரு கை அள்ளி, தாள் காய்ந்த இடத்தை விரலால் நசுக்கிப் பார்க்கும். 'இன்னும் ரெண்டு நாளு கெடக்கட்டும்' என்றால் கிடக்கும். அது வழிகாட்டுதல் இல்லையா? அதுக்குப் பேரு கூலி. பட்டறை நன்றாக நின்றால் 'அவருக்குக் கைராசி' என்பார்கள். அறிவு எங்களிடம் இருந்தபோது அது அறிவு என்றே பேர் வாங்கவில்லை. சேமிப்பு வேலையில் எங்கள் வீட்டில் நான் முதல் தலைமுறை இல்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வது வேடிக்கைக்காக மட்டும் இல்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. மூட்டை கட்டிக்கொண்டு சிறுவாச்சூர் வந்துவிட்டேன். நாடே செத்துக்கொண்டிருந்த நேரத்தில் நல்லது என்று சொல்ல நாக்கூசுகிறது. ஆனாலும் ஒன்று நடந்தது. அந்த மேசை கலைந்துபோனது. மூன்று பேரும் மூன்று வீட்டில். பேசிக்கொள்ள வேண்டுமானால் டீம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் டைப் அடித்தாக வேண்டும். தயிர்சாதத்தோடு போய்க்கொண்டிருந்த 'ஏன்'கள் முதல் தடவையாக எழுத்தில் வந்தன. நான் ஒன்றுவிடாமல் படித்தேன், நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒருவர் வாயிலிருந்து காதுக்குப் போவதை யாரும் மறிக்கலாம். எழுத்து வந்துவிட்டால் கொஞ்சம் கஷ்டம்.

இன்னொரு எழுத்தும் இருக்கிறது. கெர்னலின் ஒவ்வொரு மாற்றத்தோடும் அதைச் செய்தவர் ஏன் செய்தேன் என்று ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். கிட் என்கிற கருவி அத்தனையையும் சேர்த்து வைத்திருக்கிறது. எந்த வரியையும் காட்டி, இதை யார், எப்போது, என்ன காரணம் சொல்லி எழுதினார் என்று கேட்கலாம். அந்தக் கட்டளைக்கு 'பிளேம்' என்று பேர், பழி சொல். (பேர் வைத்தவர்கள் பழி சுமந்து பழகாதவர்களாக இருக்க வேண்டும்.) ஆனால் முழு வரலாற்றையும் இறக்க ஒரு ஜிபிக்கு மேல் ஆகும். காலனியில் எனக்கு இருந்தது செல்போனில் தினம் ஒன்றரை ஜிபி, அதுவும் மழை இருட்டினால் சிக்னல் போய்விடும். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. குறைந்த டேட்டாக்காரர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இன்றைய நிரல் மட்டும் வரும், வரலாறு வராது. அதில் போய் எந்த வரிக்குப் பழி கேட்டாலும் கடைசி மாற்றம் ஒன்றையே காட்டும். ஏழைக்கு வரலாறு இல்லாத நிரல்! பிறகு நான் அதை ஒரு வருஷம் ஒரு வருஷமாகப் பின்னால் தள்ளி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் புது டேட்டா ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். 2019, 2018, 2017 என்று. முழுசாக இறக்கினாலும் 2005 ஏப்ரலுக்கு முன்னால் போக முடியாது. கிட் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முந்தி யார் எழுதிய வரியானாலும் லினஸ் பேரில்தான் நிற்கும். பட்டா மாதிரி.

இப்போது அந்தப் பழைய டிரைவரில் இருந்த வியாதிக்கு வருகிறேன். பெரிய ஃபைலாக எழுதிக்கொண்டே இருந்தால், மெமரி தீர்ந்துவருகிற நேரத்தில் மிஷின் அப்படியே நின்றுவிடும். நூற்றி இருபது விநாடிக்கு மேல் இந்த வேலை அசையவில்லை என்று பதிவில் ஒரு வரி. அவ்வளவுதான். தவறென்று காட்ட ஒரு வரி கூட இல்லை. அந்த இன்ஜினியர் கணக்காகத்தான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் மெமரி கேட்கிறார், கிடைத்ததும் டிஸ்குக்கு அனுப்புகிறார். மற்ற டிரைவர்களை வரிசையாக எடுத்துப் படித்தேன். என்பிடி என்கிற டிரைவரில் வேலையாள் வரிசையை உண்டாக்குகிற இடத்தில் 'மெம் ரீக்ளைம்' என்று ஒரு கொடி போட்டிருந்தது. எங்களுடையதில் இல்லை. அது ஏன்?

கேட்டேன். மேசைக்காரர்களிடம் இல்லை, வெளியே. கெர்னல் மரத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஒரு ஃபைலைக் காட்டினால் அதற்குப் பொறுப்பானவர் பேரும் முகவரியும் சொல்லும். தாசில்தார் ஆபீசில் கூட இப்படி ஒன்று கிடையாது. அவருக்கும் பொதுவிலும் சேர்த்து எழுதினேன். எந்தப் பதிப்பு, எந்த ஃபைல், எந்த வரி, இதுவரை என்னென்ன படித்தேன், எனக்குப் புரிந்தது இது, புரியாதது இந்த ஒன்று. 'சார், தயவுசெய்து, நான் புதுசு' எதுவும் போடவில்லை. அதை எடுக்கத்தான் எனக்கு ரெண்டு மணிநேரம் ஆச்சு. மனுப் போட்டே வளர்ந்த குடும்பம். ஐயா என்று தொடங்காமல் கை ஓடாது.

ரெண்டாம் நாள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து நாலு வரிப் பதில். அதன் சாரம் இது. மெமரி தீரும்போது கெர்னல் என்ன செய்கிறது? எழுதாமல் தேங்கிக் கிடக்கிற பக்கங்களை டிஸ்கில் எழுதிவிட்டு அந்த இடத்தைக் காலி செய்யப் பார்க்கிறது. எழுத யார் வேண்டும்? டிரைவர். டிரைவர் என்ன கேட்கிறது? 'எனக்குக் கொஞ்சம் மெமரி கொடு, எழுதுகிறேன்.' மெமரி எப்போது கிடைக்கும்? டிரைவர் எழுதி முடித்தால். தண்ணி இறைக்கிற வாளி கிணத்துக்குள்ளேயே விழுந்து கிடக்கிற கதை. அதனால்தான் சேமிப்பு டிரைவர் மட்டும் அந்த நேரத்தில் சாதாரணமாகக் கேட்கக் கூடாது. 'டிஸ்குக்குப் போகாமல் கிடைப்பதைக் கொடு' என்று கேட்பதற்குத் தனி முறை உண்டு. அதைவிட நல்லது, புதுப் பாதையில் ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய இடத்தை முதலிலேயே ஒதுக்கி வாங்கி வைத்துக்கொள்வது. அந்தக் கொடியின் அர்த்தமும் அதுதான். புது வேலையாளை உண்டாக்கக்கூட மெமரி வேண்டும் இல்லையா? நெருக்கடிக்கென்று ஒரு ஆளை முன்கூட்டியே நிறுத்தி வைக்கச் சொல்கிறது. நெருக்கடி வந்த பிறகு இடம் கேட்டால் கிடைக்காது, முன்னாலேயே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கெர்னலுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊர் 'மெரிட்' மேதைகளுக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை.

இந்த விதி கெர்னல் ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது. 'அதான் எழுதியிருக்கே' என்று பிறகு மேசைக்காரர் ஒருவர் சொன்னார். எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை தெரிந்தவர்கள்தான் அந்தப் பக்கத்தைத் தேடுவார்கள். வழிகாட்டுதல் என்பது பல நேரம் இவ்வளவுதான், தேட வேண்டிய சொல்லை ஒருவர் சொல்லிவிடுவது. ஏகலைவனுக்குச் சிலை போதுமாக இருந்தது. எனக்கு நாலு வரிப் பதில் வேண்டும், கட்டைவிரலும் வேண்டும். ஸ்பேஸ் பாரை எதால் அடிப்பது?

டிரைவரை மாற்றி முடித்தேன். மிஷின் மூன்று நாள் நிற்காமல் எழுதியது. மாற்றத்தோடு போன குறிப்பில், என்ன என்பதற்கு இரண்டு வரி, ஏன் என்பதற்குப் பதினொரு வரி எழுதினேன். எங்கள் டீமில் அவ்வளவு நீளக் குறிப்பு அதுவரை யாரும் எழுதியதில்லை, சுருக்கச் சொன்னார்கள். சுருக்கவில்லை.

பேர் விஷயம் ஒன்று பாக்கி. கெர்னலுக்கு மாற்றம் அனுப்புகிறவர் கீழே பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரொம்ப காலம் அசல் பேர்தான் வேண்டும் என்றிருந்தார்கள், 2023-ல் தெரிந்த அடையாளம் போதும் என்று தளர்த்தினார்கள், அநாமதேயம் மட்டும் கூடாது. பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்ட மண் இது. ஆனாலும் என் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தெரு என்று தமிழ்நாட்டான் கண்டுபிடித்துவிடுவான். முதல் கடிதத்துக்கு இனிஷியல் மட்டும் போடலாமா என்று ஒரு யோசனை வந்தது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். அதை நினைத்துக்கொண்டு அப்பா பேரை முழுசாக எழுதினேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் பேர் இப்போது அந்த மரத்தில் இருக்கிறது.

கெர்னல்காரர்கள் 2018 செப்டம்பரில் ஒரு நடத்தை விதியை ஏற்றார்கள். வேறொரு பொது ஆவணத்தின் 1.4-வது பதிப்பை எடுத்துத் தழுவியது. யாரையும் எதை வைத்தும் இழிவு செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல். வயது, இனம், மதம், நாடு, பாலினம், படிப்பு, பொருளாதார நிலை எல்லாம் இருக்கிறது. சாதி இல்லை. அந்த மூல ஆவணத்தின் 2.1-வது பதிப்பில் சாதி என்கிற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். கெர்னல் தழுவியிருப்பது பழைய பதிப்பை. ஒரே ஒரு சொல் சேர்க்கிற மாற்றம். அந்த ஃபைலைக் காட்டி யாரிடம் கேட்க வேண்டும் என்று அதே சின்னக் கருவியிடம் கேட்டேன், பேர்களைச் சொன்னது. ஏன் என்பதற்கான குறிப்பை எழுத உட்கார்ந்தேன். மேசையைப் பற்றி, டிபன் பாக்சைப் பற்றி, வெள்ளைக்காரனுக்குப் புரிகிற மாதிரி, அழாமல், ஐயா போடாமல், பத்துப் பதினைந்து வரிக்குள். வரைவு ஒன்று கையில் இருக்கிறது. படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்ல முடிந்த தோழர்கள், முக்கியமாக இங்கிலீஷ் நன்றாக வருகிற மாணவர்கள், இதழின் முகவரிக்கு எழுதினால் அனுப்பி வைக்கிறேன்.